மாமி சிக்னல்

போன கிழமை துறைமுகத் தொழிலாளர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஜமால்தீன் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறாராம். பிரியாவிடைக்கு மலர் ஒன்று அச்சடிக்கிறார்களாம். "நீங்கள்தானே அவரோட கனகாலம் வேலை செய்தனீங்கள், ரெண்டு பக்கம் எழுதித் தாருங்கோ" என்றார்கள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். படலைவரை போன ஒருவர் திரும்பி வந்து, "அவர் மாமி காட்டி ஆளைக் காப்பாத்தின கதையைக் கட்டாயம் எழுதுங்கோ" என்றார். அது என்ன கதை என்று பிறகு சொல்கிறேன். அதைக் கேட்டதும் எனக்கு உச்சியில் ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

நான் மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றபோது மலரும் இல்லை, மாலையும் இல்லை. ஒரு பிளேன்ரீயும் ஒரு வாழைப்பழமும் தந்து அனுப்பினார்கள்.

சரி, எழுதுகிறேன். ஆனால் 'அன்னார் பண்பாளர், பழகுவதற்கு இனியவர்' என்று எழுத என்னால் ஏலாது. எனக்கு அந்த மனிசனில் பத்தொன்பது வருடப் பொறாமை. அதை ஒளித்துவைத்து எழுதினால் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் என் மனைவி யோகமலருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். தேயிலைக் கப்பல்கள் உள்துறைமுகத்தில் நடுத்தண்ணீரில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து தேயிலைப் பெட்டிகளை வத்தை என்கிற தட்டைப் படகுகளில் ஏற்றிக் கப்பலோடு அணைத்து விடுவோம். கப்பலில் இருக்கிற வின்ச் பெட்டிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கயிற்று வலையில் தூக்கிக் கப்பலின் அடிவயிற்றில் இருக்கிற கிடங்கின் வாய்க்குள் இறக்கும். வின்ச்சை ஓட்டுகிறவனுக்கு வத்தையும் தெரியாது, கிடங்கின் அடியும் தெரியாது. இரண்டையும் பார்த்துக்கொண்டு கிடங்கு வாயின் ஓரத்தில் நிற்கிறவன்தான் சிக்னல்காரன். வின்ச்சின் இரைச்சலில் வாயால் சொன்னால் கேட்காது, எல்லாம் கைதான். கிடங்குக்குள் நிற்கிற எட்டுப் பேரின் தலையும் அந்தக் கையை நம்பித்தான் இருக்கிறது.

நான் அந்த வேலையை வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் பழகினவன். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுக்க விரித்தால் அந்த இடத்திலேயே நிறுத்து. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் தளத்தை விட்டுப் போகும்போது ஒரு துரை எனக்கு ஒரு சோடி வெள்ளைக் கையுறை தந்துவிட்டுப் போனார். கப்பலில் சரக்கு ஏற்றுகிற கொம்பனியில் நான் சேர்ந்த பிறகும் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு நிற்பேன். இடுப்பில் காக்கிக் களிசான், கையில் வெள்ளைக் கையுறை, வாயில் ஒரு சொல் இல்லை. என் கைக்குக் கீழே ஒருவனுக்கும் ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை. அதற்காக ஒருவனும் என்னைப் பார்த்துச் சிரித்ததும் இல்லை. சிரிக்க வேண்டும் என்று நானும் அதுவரை நினைத்ததில்லை.

அறுபத்தொன்றாம் ஆண்டு மாசி மாதம் ஜமால்தீன் வந்தார். கிண்ணியா ஆள். அதற்கு முன் கிண்ணியாத் துறையில் பாதை இழுத்தவர். ஆட்களையும் வண்டி வாகனங்களையும் அக்கரை சேர்க்கிற பெரிய மிதவையைத்தான் பாதை என்கிறோம். பாதை நடு ஆற்றில் நிற்கும்போது பஸ்ஸுக்குப் பிந்துகிறவர்கள் கத்துவார்கள், ஆடு மாடு மிரளும், பிள்ளைகள் அழும். அவ்வளவு பேரையும் கதையால் அமர்த்தி அக்கரை சேர்க்கிறதுதான் அவருடைய வேலையாக இருந்ததாம். முப்பத்தாறு வயது. மெலிந்த உடம்பு, நீளமான கை, தலையில் ஒரு பழைய வெள்ளைத் தொப்பி. மடித்துக் கட்டிய கட்டம் போட்ட சாரத்தோடு என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, இந்தக் கைக்கதை எனக்குப் படிச்சுத் தருவீங்களா?"

மூன்று நாள் பக்கத்தில் வைத்து நான்தான் படிப்பித்தேன். இதை வாசிக்கிறவர்கள் மறந்துவிடக்கூடாது. நான்தான் படிப்பித்தேன். மனிசன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், ஒரு தரம்கூடப் பிழைவிடவில்லை. நாலாம் நாள் அவரை மூன்றாம் நம்பர் கிடங்கில் நிறுத்தினார்கள். நான் இரண்டாம் நம்பர். எனக்கு முதுகுப் பக்கம்தான் மூன்றாம் நம்பர்.

பத்து மணி இருக்கும். முதுகுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. கப்பலில் நான் அதுவரை கேட்ட சத்தங்களில் அது இல்லை. சிக்னல்காரன் வலையை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. நான் எடுக்கவில்லை. வத்தையில் நின்ற என்னுடைய ஆட்கள் எல்லாரும் கழுத்தைத் திருப்பிவிட்டார்கள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். நான் படிப்பித்த ஒன்றைக்கூட அவர் செய்யவில்லை. பெட்டியைத் தூக்க வேண்டும் என்றால், கிணற்றில் வாளி இழுக்கிறார். வாளி பாரம், கயிறு வழுக்குகிறது, பக்கத்து வீட்டுக்காரி வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறாள், எல்லாம் அந்தக் கையில் தெரிகிறது. இறக்க வேண்டும் என்றால், ஏணையில் கிடக்கிற பிள்ளையைத் தட்டித் தட்டி நித்திரையாக்குகிறார். பக்கவாட்டில் நகர்த்த, வர மாட்டேன் என்று நிற்கிற கிடாயைக் கயிற்றில் பிடித்து இழுக்கிறார். மெல்ல, இன்னும் மெல்ல என்பதற்கு, சட்டிக்குள் விரலைத் தொட்டு உப்புப் பார்த்து, காணாது என்று முகத்தைச் சுளிக்கிறார். வின்ச்காரன் அந்தச் சுளிப்புக்கு ஒரு அங்குலம் விடுகிறான். அடுத்த சுளிப்புக்கு இன்னொரு அங்குலம்.

நிறுத்துவதற்கு அவர் வைத்திருந்ததுதான் மாமி. எங்கள் பகுதியில், அதுவும் கிண்ணியாவில், கலியாணம் முடித்த ஆம்பிளை பெண் வீட்டோடு போய் இருக்கிறதுதான் வழக்கம். ஆகவே பெண்ணைப் பெற்ற மாமியின் கண்ணுக்கு முன்னால்தான் சீவியம். மாமி வருகிறா என்றால் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட வேண்டும். ஜமால்தீன் திடுக்கிட்டு ஒரு பக்கம் பார்ப்பார். வலது கையால் சாரத்தின் மடிப்பை டக்கென்று அவிழ்த்து விடுவார், இடது கையால் தொப்பியைச் சரிசெய்வார், பிறகு அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்பார். வின்ச்காரனும் அப்படியே நிற்பான். வின்ச்சும் நிற்கும். அந்தரத்தில் பன்னிரண்டு பெட்டியும் மாமிக்கு மரியாதை கொடுத்துக்கொண்டு நிற்கும்.

என்ன மனிசனப்பா இது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது வேலைத்தலமோ கூத்துக் கொட்டகையோ?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான் அண்ணே" என்றார். "வேலைக்குத் தனியாக் கை வேணும், சிரிக்கத் தனியா நேரம் வேணும் எண்டா, எனக்குக் கையும் காணாது, நேரமும் காணாது."

அவர் பிழையாக வேலை செய்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திராது. மூன்றாம் நம்பரில் வத்தை எங்களுக்கு முன்னம் முடிந்தது. பெட்டி ஒன்றுகூட உடையவில்லை. ஒருவனுக்கும் காயம் இல்லை. முன்பெல்லாம் ஒருவனை ஒருவன் ஏசிக்கொண்டு பெட்டி அடுக்கிய ஆட்கள், அவருடைய கிடங்கில் தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள். அடுத்து என்ன காட்டப்போகிறார் என்று பார்க்கத்தான். சிக்னல்காரனை விட்டுக் கண்ணை எடுக்காதே என்று நான் எத்தனை வருடம் கத்தியிருப்பேன்? இவர் கத்தாமலே அதைச் செய்துவிட்டார்.

கொஞ்ச நாளில் என்னுடைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கழலத் தொடங்கினார்கள். "அண்ணே, எனக்கு ரெண்டாம் நம்பர்ல முதுகு பிடிக்குது, மூண்டுக்கு மாறவோ?" என்று ஒருவன் கேட்டான். இரண்டாம் நம்பரில் பிடிக்கிற முதுகு மூன்றாம் நம்பரில் பிடிக்காதோ? போ என்று கையைக் காட்டினேன். கையுறை போட்ட கை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. பின்னேரத்தில் யோகமலரிடம் அந்த மனிசனைப் பற்றி முறைப்பாடு சொல்லத்தான் தொடங்கினேன். இன்றைக்கு இப்படிச் செய்தான், இப்படிச் சொன்னான், வெட்கம் கெட்ட வேலை என்று சொல்லுவேன். அவள் சிரிப்பாள். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு இருக்கிறவள் துருவலை விட்டுவிட்டுச் சிரிப்பாள். பிறகு பிறகு, நான் வாசலில் சைக்கிளை நிறுத்தும் முன்னமே, "இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஜமால்தீன் நானா என்ன செய்தவர்?" என்று, முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற நானா முறை வைத்துக் கேட்கத் தொடங்கினாள். நான் என்ன செய்தேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு நாள் ஒரு களவு செய்தேன். ஜமால்தீன் கப்பல் சமையற்காரனிடம் சொன்ன ஒரு பகிடியை, நான் சொன்னதாக வீட்டில் சொன்னேன். யோகமலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இது நானாவின்ர கதை எல்லோ" என்றாள். எப்படிக் கண்டுபிடித்தாளோ தெரியாது. அன்றைக்குச் சோறு எனக்கு இறங்கவில்லை.

இன்னொரு நாள் அதைவிடக் கேவலம். அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை, நிலாக் கணக்கில் வருகிற போயாவுக்குத்தான் லீவு. ஒரு போயா நாள் மத்தியானம் யோகமலர் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று மாமி காட்டிப் பார்த்தேன். வலது கையால் மடிப்பு, இடது கையால் தொப்பி, பிறகு வாய். ஒரு தரம் இல்லை, இருபது தரம் இருக்கும். சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் வயிற்றுக் குத்துக்காரன் ஒருவன் நிற்கிறான். பார்த்தால் கதவிடுக்கில் யோகமலர். "மூத்திரம் கடுக்குதோ? டொக்டரிட்டைப் போவமோ?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் இளநீர் குடித்தேன்.

அவருக்கு எல்லாம் சந்தோசமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். அறுபத்து நாலாம் ஆண்டுப் புயல் அவருடைய வீட்டுக் கூரையைக் கொண்டுபோனது. அடுத்த மாதம் அவருடைய மாமி காய்ச்சலில் கண்ணை மூடி மௌத்தானா. பெற்ற தாய் மாதிரிப் பார்த்தவ என்று கேள்வி. நாலாம் நாள் ஜமால்தீன் வேலைக்கு வந்தார். கிடங்கில் நின்ற ஒருவனும் மேலே பார்க்கவில்லை. இனி எதைக் காட்டி நிறுத்தப்போகிறார் என்று எல்லாருக்கும் ஒரு கூச்சம். முதல் வலை வந்தது. நிறுத்த வேண்டிய இடம் வந்தது. மனிசன் திடுக்கிட்டுப் பார்த்தார், சாரத்தை இறக்கினார், தொப்பியைச் சரிசெய்தார், வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். "அவவுக்கு இது தெரியும். நான் வீட்டிலையும் செய்து காட்டினனான். விழுந்து விழுந்து சிரிச்சவ" என்று பிறகு சொன்னாராம். வின்ச்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலை செய்தான். அந்த நாளிலும் எனக்கு வந்தது பொறாமைதான். என் மாமி செத்தபோது ஒரு வின்ச்காரன் அழுதானா? வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

அறுபத்தெட்டில் தலைமைச் சிக்னல்காரர் ஓய்வு பெற்றார். அந்த இடம் எனக்குத்தான் வரவேண்டும். இருபத்தெட்டு வருடச் சேவை, வெள்ளைக்காரனிடம் பழகிய கை. ஆனால் எங்கள் சூப்பிரின்டன்ட் பாக்கியரத்தினம் சேர், ஆட்கள் யாரை விரும்புகிறார்கள் என்று விசாரிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஆட்கள் யாரை விரும்புவார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இடமும் அவருக்குப் போனால் நான் எப்படி அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு கப்பலில் நிற்பது?

பெட்டிசம் எழுதினேன்.

இடது கையால் எழுதினேன், எழுத்துப் பிடிபடக்கூடாது என்று. மூன்று தாள் பழுதாகி நாலாவது சரிவந்தது. 'கனம் ஐயா அவர்களுக்கு, மூன்றாம் இலக்கக் கிடங்கில் உயிராபத்தான விளையாட்டு நடைபெறுகிறது' என்று தொடங்கி, அவருடைய ஏழு சிக்னலையும் ஒன்று விடாமல் விவரமாக எழுதி, 'இங்ஙனம், துறைமுக நலன்விரும்பி' என்று முடித்தேன். நகரத்துத் தபாற்கந்தோரில் போட்டால் முத்திரை காட்டிக்கொடுக்கும் என்று கப்பல்துறை என்கிற ஊர்வரை சைக்கிள் மிதித்துப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது எதிர்க்காற்று.

பெட்டிசம் வேலை செய்தது. பாக்கியரத்தினம் சேர் ஜமால்தீனைக் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை சிக்னல் கொடுக்கக்கூடாது என்று கிடங்குக்குள் பெட்டி அடுக்க அனுப்பினார். மூன்றாம் நம்பரை என்னிடம் தந்தார்கள். "ஒரு கிழமை நீர் நடத்திக் காட்டும், பிறகு தலைமை இடத்தைப் பற்றிக் கதைப்பம்" என்றார் சேர்.

மூன்றாம் நம்பர் வின்ச்காரன் சாமித்தம்பி. திரியாய்ப் பக்கத்து ஆள், இருபத்தைந்து வயது, நல்ல வேலைகாரன். ஆனால் அவன் வின்ச் பழகியதே ஜமால்தீனின் கையைப் பார்த்துத்தான். கிணறும் ஏணையும் கிடாயும்தான் அவனுக்குத் தெரியும். நான் விரலைச் சுற்றினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வின்ச்சின் நெம்புகோலை அசைப்பான். முதல் நாள் அவனாகவே இரண்டு தரம் வின்ச்சை நிறுத்தினான். எனக்கு வந்த கோபத்தில், எல்லாருக்கும் முன்னால் கத்தினேன். "நான் சொல்லாமல் நிப்பாட்டாதே! உன்ர மூளையை வீட்டில வைச்சிட்டு வா! என்ர கையை மட்டும் பார்!" அவன் முகம் கறுத்துப்போனது. அதற்குப் பிறகு அவன் தானாக எதையும் செய்யவில்லை.

கிடங்கில் சத்தம் இல்லை. ஜமால்தீன் அடியில் நின்று குனிந்த தலை நிமிராமல் பெட்டி அடுக்கினார். ஒருவனும் மேலே என்னைப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? வத்தை பிந்தியது. மூன்று நாளில் நாலு பெட்டி உடைந்தது. ஆனாலும் எனக்குச் சந்தோசம், முதுகுக்குப் பின்னால் சிரிப்பு இல்லை என்று.

நாலாம் நாள் காலை. வலை ஒன்று இறங்கிக்கொண்டு இருந்தது. கிடங்கு வாயின் விளிம்பில் ஒரு பெட்டி இடறி, வலை ஒரு பக்கம் சரிந்தது. காற்றில் ஜமால்தீனின் தொப்பி பறந்து நடுக்கிடங்கில் விழ, மனிசன் அதை எடுக்கக் குனிந்தார். வலைக்கு நேர் கீழே. மேலே பார்க்கவில்லை. பார்க்கிற பழக்கத்தைத்தான் நான் மூன்று நாளில் கெடுத்துவிட்டேனே.

நான் இரண்டு கைகளையும் முழுக்க விரித்தேன். உடனே நிறுத்து.

சாமித்தம்பி என் கையைப் பார்த்தான். அவன் கண்ணில் ஒன்றும் இல்லை. கையை விரித்தால் என்ன என்று தேடுகிறான். முந்தாநாள் ஒரு தரம் சொல்லிக் கொடுத்தது, ஒரு தரம்கூடச் செய்து பார்த்தது இல்லை. நிறுத்தலாமா, நிறுத்தினால் இந்த மனிசன் திரும்பவும் எல்லாருக்கும் முன்னால் ஏசுமா என்று பயந்து முழிக்கிறான். கை நெம்பில் அப்படியே இருக்கிறது. வலை இறங்குகிறது. நான் கத்தினேன். வின்ச் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பன்னிரண்டு பெட்டி, அதற்குக் கீழே நரைத்த ஒரு தலை.

பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. திடுக்கிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். என் இடுப்பில் சாரம் இல்லை, களிசான். இல்லாத சாரத்தின் மடிப்பை வலது கையால் அவிழ்த்து இறக்கினேன். இல்லாத தொப்பியை இடது கையால் சரிசெய்தேன். வெள்ளைக் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

வின்ச் நின்றது.

வலை ஜமால்தீனின் முதுகுக்கு ஒரு முழம் மேலே நின்று ஆடியது. இரைச்சல் ஓய்ந்ததும் அவர் தலையைத் திருப்பி மேலே பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். மெல்ல ஒரு பக்கமாக விலகி நிமிர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன், கையை எடுக்கத் தெரியவில்லை.

தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு, கீழே நின்று கேட்டார்: "அண்ணே, மாமி போயிட்டாவா?"

கிடங்கு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. எட்டுப் பேரும் சிரித்தார்கள், வத்தையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சாமித்தம்பி நெம்பில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான், பிறகு விம்மி விம்மி அழுதான். அது எனக்கு வந்த சிரிப்பு. இருபத்தெட்டு வருடச் சேவையில் முதல் சிரிப்பு. ஐயோ, அது எவ்வளவு நல்லாக இருந்தது என்று எப்படிச் சொல்வேன். வாயைப் பொத்தியபடியே நான் அதை அனுபவித்துக்கொண்டுதான் நின்றேன்.

பின்னேரம் இறங்குதுறையில் ஜமால்தீன் என் பக்கத்தில் வந்து இருந்தார். "ஜமால்தீன், அந்தப் பெட்டிசம்…" என்று தொடங்கினேன்.

"நீங்க எழுதினது எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார்.

"எப்பிடி? எழுத்து என்ர எழுத்தில்லை. முத்திரையும் கப்பல்துறை."

"சேர் எனக்கு வாசிச்சுக் காட்டினவர் அண்ணே. ஏழு சிக்னலும் ஒண்டு விடாம இருந்திச்சு. மாமி வரக்குள்ள வலது கை எதில போகும், இடது கை எப்ப தொப்பியில இருந்து வாய்க்கு வரும், எல்லாம் இருந்திச்சு. நான் அப்பிடித்தான் செய்யிறன் எண்டு அதைக் கேட்டுத்தான் எனக்கே தெரியும். என்ர கிடங்கு ஆக்கள் சிரிக்கிறாங்க, பார்க்கிறாங்க இல்ல. ஏழு வருசமா என்னை இவ்வளவு வடிவாப் பார்த்தவர் ஆர்? மூண்டாம் நம்பருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிற ஒராள்தான்."

நான் கையுறையைக் கழற்றிக் களிசான் பைக்குள் வைத்தேன்.

"இண்டைக்கு வடிவாச் செய்தீங்க" என்றார். "வீட்டில பழகினீங்களா?"

இல்லை என்று சொன்னேன். அவர் அதற்கு மேல் கேட்காமல் விட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிசனில் பிழை பிடிக்க ஏதாவது இருக்க வேண்டாமா?

அடுத்த நாள் பாக்கியரத்தினம் சேரிடம் போய், பெட்டிசம் எழுதியது நான்தான் என்று சொன்னேன். தலைமை இடம் ஜமால்தீனுக்குப் போனது. கிளாக்கர் அடித்த ஒரு அறிவித்தல் இறங்குதுறையில் ஒட்டப்பட்டது. 'உடன் நிறுத்தும் சமிக்ஞை: இரு கைகளையும் விரித்தல் அல்லது சாரத்தை இறக்கிவிடுதல்.' நான் ஒன்பது வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். ஒரு நாள்கூட என்னை அவர் குறைத்துப் பேசியதில்லை. ஒன்பது வருடமும் எனக்குப் பொறாமை.

இனி அந்தச் சங்கத்துக்காரர் சொன்ன கதைக்கு வருகிறேன்.

நான் மாமி காட்டிய அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனதும் யோகமலர் கேட்கும் முன்னமே சொன்னேன். சொன்னது மட்டும் இல்லை, குசினி வாசலில் நின்று செய்தும் காட்டினேன். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது நானாவின்ர கதை எல்லோ" என்றாள். இல்லையடி, நான்தான், நான்தான் என்று எத்தனை தரம் சொல்லியும் அவள் நம்பவில்லை. முன்பு ஒரு களவு செய்தவன், யாரை நோவது?

சாமித்தம்பி கொழும்புத் துறைமுகத்துக்கு மாறிப் போனான். அன்றைக்குக் கிடங்கில் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். கதை மட்டும் போகவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவன் எவனுக்கும் முதல் நாளே அதைச் சொல்லுவார்கள். பெட்டி தலைக்கு மேலே வந்ததாம், ஜமால்தீன் நானா மாமி காட்டி நிறுத்தி ஆளைக் காப்பாற்றினாராம். கீழே நின்ற அவரைத் தூக்கி மேலே நிறுத்திவிட்டார்கள். மேலே நின்ற என்னைக் காணவில்லை. வெள்ளைக் கையுறை போட்ட சிவகுருநாதன் மாமி காட்டினான் என்றால் யார் நம்புவார்கள்?

ஜமால்தீன் நேர்மையான மனிசன். ஒவ்வொரு தரமும், "நான் இல்ல, எங்கட சிவகுருநாதன் அண்ணன்தான் காட்டினவர்" என்றுதான் சொல்லுவார். அதற்குத்தான் எல்லாரும் பெரிதாகச் சிரிப்பார்கள். போன நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர், யோகமலரிடமும் அதைத்தான் சொன்னார். "பள்ளிவாசல் பக்கம் பார்த்துச் சொல்றன் தங்கச்சி, அண்ணன்தான்" என்றார். யோகமலர் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நானா, நீங்கள் நல்லாப் பகிடி விடுறியள்" என்றாள். அவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நான் படிப்பித்த சிக்னல்.

ஆகவே சங்கத்துக்காரருக்கு நன்றி. ஜமால்தீன் நல்ல மனிசன், நல்ல சிக்னல்காரர், அவருடைய கைக்குக் கீழே நின்று செத்தவன் ஒருவனும் இல்லை, சிரிக்காதவன் நான் ஒருவன்தான். நானும் திரும்பி நின்று சிரித்திருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓய்வுகாலம் அவருக்குச் சுகமாக அமையட்டும். அச்சுக்கோர்க்கிறவர் கீழே உள்ள வரியைத் தயவுசெய்து வெட்ட வேண்டாம், பெயரையும் மாற்ற வேண்டாம்.

அறுபத்தெட்டாம் ஆண்டு மூன்றாம் நம்பர் கிடங்கில் மாமி காட்டியது நான். சிவகுருநாதன்.